வெளிச்சத்தால் சத்தத்தைக் குறைக்கலாம்!

இந்த மாதச் சுவர் இதழில் நான் செய்த ஒரு சின்னக் கருவியைப் பற்றி எழுதுகிறேன்.

எங்க மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறார். வாசிக்கும்போது இரண்டு கையும் கம்பி மேலேயே இருக்கும். அதனால் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காலால் மிதிக்கிற பெடல் வைத்திருக்கிறார். பாடகர் பாடும்போது குறைக்கணும், நடுவில் கிதார் மட்டும் வரும்போது கூட்டணும். அந்தப் பெடல் பழசாகி, மிதித்தாலே ஸ்பீக்கரில் 'கரகர'ன்னு கேட்க ஆரம்பித்தது. ஒரு திருவிழாவில் சோகப் பாட்டுக்கு நடுவே கரகரத்ததும் கூட்டமே சிரித்துவிட்டது. குழு நடத்துகிறவர், "இதைச் சரி பண்ணலைன்னா அடுத்த கச்சேரிக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். மாமா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. புதுப் பெடல் வாங்கக் கையில் பணமும் இல்லை.

பெடலைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்தது வால்யூம் கன்ட்ரோல்தான். ரேடியோவில் திருகுகிறோமே, அதே மாதிரி. அதில் ஒரு கார்பன் பட்டை, அதன் மேல் நகரும் ஒரு உலோக நாக்கு. பட்டை தேய்ந்து தூசி சேர்ந்தால் நாக்கு விட்டுவிட்டுத் தொடும். கிதார் சிக்னல் அது வழியாகவே போவதால் கரகரப்பும் கூடவே போகும். ஸ்டீரியோ என்பதால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரட்டைக் கன்ட்ரோல். அந்த அளவில் எங்க ஊர்க் கடையில் கிடைக்கவில்லை.

கண்காட்சிக்கு நாம் தானியங்கித் தெருவிளக்கு செய்தோமே, அதில் போட்ட எல்.டி.ஆர். ஞாபகம் இருக்கா? வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை சில நூறு ஓம் வரை இறங்கும். இருட்டில் பல லட்சம் ஓம் ஆகும். சிக்னலை அந்தத் தேய்ந்த பட்டை வழியாக விடாமல் எல்.டி.ஆர். மூலம் குறைத்தால் என்ன என்று தோன்றியது.

செய்த விதம் இதுதான். இடது, வலது சிக்னல் ஒவ்வொன்றும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வெளியே போகும். அந்த இடத்திலிருந்து பூமி ஒயருக்கு ஒரு எல்.டி.ஆர். இணைத்தேன். இரண்டு எல்.டி.ஆருக்கும் எதிரே ஒரே ஒரு பச்சை எல்.இ.டி. மூன்றையும் கறுப்புக் குழாய்த் துண்டுக்குள் வைத்து, வெளிச்சம் புகாமல் டேப் சுற்றினேன். எல்.இ.டி. பிரகாசமாக எரிந்தால் எல்.டி.ஆர். தடை 500 ஓம் அளவுக்கு இறங்கி, சத்தம் 20-இல் ஒரு பங்கு ஆகிவிடும். அணைந்தால் முழுச் சத்தம். பேட்டரி தீர்ந்தாலும் கச்சேரி நிற்காது!

எல்.இ.டி.யை ஓட்டுவது 9 வோல்ட் பேட்டரியும் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டரும். டிரான்சிஸ்டருக்கு 0.7 வோல்ட், எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போக மீதி 6.3 வோல்ட். 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஓம் விதிப்படி சுமார் 6 மில்லி ஆம்பியர். வகுப்பில் படித்த கணக்கு அப்படியே வந்தது. அந்த வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைப்பது எது தெரியுமா? அதே கரகரத்த பழைய கன்ட்ரோல்தான்! அதற்குப் பக்கத்தில் ஒரு கப்பாசிட்டர் போட்டேன். எல்.டி.ஆரும் சட்டென்று மாறாது, கொஞ்சம் மெதுவாகத்தான் மாறும். அதனால் நாக்கு துள்ளினாலும் சத்தம் துள்ளாது. 1960-களில் வந்த ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில்கூட நியான் விளக்கையும் எல்.டி.ஆரையும் ஒன்றாக மூடிவைத்துத்தான் கிதார் சத்தத்தை அலைபோல ஏற்றி இறக்கினார்கள்.

இதில் பெரிய சிக்கல் வேறு. ஒரே கடையில் வாங்கிய இரண்டு எல்.டி.ஆரும் ஒரே வெளிச்சத்தில் ஒரே தடை காட்டாது. ஒன்று 2 கிலோ ஓம் காட்டினால் இன்னொன்று மூன்றரை காட்டுகிறது. அப்படிப் போட்டால் இடது பக்கம் குறையும்போது வலது பக்கம் தனியாகக் கத்தும். கடைக்கார அண்ணனிடம், "ஒத்துப்போற ரெண்டை எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பித் தந்துடறேண்ணா" என்று கேட்டுப் பத்து வாங்கி வந்தேன். அறிவியல் ஆசிரியர் மல்டிமீட்டர் தந்தார். தோழிகள் மூன்று பேர் டார்ச் பிடிக்க, அட்டைப்பெட்டிக்குள் மூன்று தூரத்தில் ஒவ்வொன்றையும் அளந்தோம். இருட்டிலிருந்து எடுத்ததும் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கும்வரை பொறுக்கணும். பத்தில் நாலாவதும் ஒன்பதாவதும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒத்துப்போயின.

அடுத்த கச்சேரிக்கு மாமாதான் போனார். கரகரப்பு இல்லை. குழு நடத்துகிறவர் குனிந்து பார்த்து, "எந்தக் கடையில வாங்கினே?" என்று கேட்டாராம். "எங்க அக்கா பொண்ணு கடையில" என்றாராம் மாமா.

தோழிகளே, தோழர்களே, நீங்களும் செய்து பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி மட்டும் போதும், வீட்டு மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம். தேய்ந்துபோச்சு என்று ஒரு பாகத்தைத் தூக்கி எறியும் முன், வேற வேலைக்கு ஆகுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி