உன் முறை, ஒரு செயல்

தாயக்கட்டை உருளும் வீட்டில் வாக்குவாதம் இல்லாமல் இருக்காது. தாயம் விழுந்தால் மறுபடி உருட்டலாம். 5, 6, 12 விழுந்தாலும் அப்படியே. எதிராளியின் காயை வெட்டினால் இன்னொரு ஆட்டம். ஊருக்கு ஊர் விதிகள் சற்று மாறினாலும் விளைவு ஒன்றுதான்: கட்டை யார் பக்கம் சாய்கிறதோ அவர் உருட்டிக்கொண்டே போவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆடு புலி ஆட்டத்தின் கணக்கு வேறு. புலிகள் 3, ஆடுகள் 15. ஆனாலும் ஆளுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு நகர்வு. ஆடுகள் 15 இருக்கின்றன என்பதற்காக 15 நகர்வுகள் கிடையாது. புலி பிழைத்திருப்பதே இந்த விதியால்தான்.

ஒரு முறையில் ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற இதே கேள்விதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற அமெரிக்க விளையாட்டின் மையத்திலும் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியான விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். 'கதவைத் திறக்கிறேன்' என்று சொன்னால் பாத்திரம் திறக்கும். பேச்சுதான் ஆட்டம். ஆபத்தும் அதில்தான். சண்டை மூண்டால் பெரிய தொண்டைக்காரர் நாலு வெட்டு வெட்டி முடித்திருப்பார். மெல்லப் பேசுபவர் வாளை உருவியிருக்கவே மாட்டார்.

அதைத் தடுக்கத்தான் விதிகள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, சண்டை தொடங்கும்போது ஒவ்வொருவரும் 20 முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் சுறுசுறுப்புக்கான எண்ணைக் கூட்டிக்கொள்கிறார்கள். பெரிய எண் முதலில். அந்த வரிசை சண்டை முடியும்வரை மாறாது. ஒரு சுற்று என்பது கதையில் 6 விநாடி. தன் முறையில் ஒருவர் நடக்கலாம், பெரும்பாலும் 30 அடி. ஒரு ஆக்‌ஷன் செய்யலாம்: அடிப்பது, மந்திரம் சொல்வது, ஒளிவது, இன்னொருவருக்கு உதவுவது இவற்றில் ஒன்று. பாத்திரத்துக்குத் தனித்திறமை இருந்தால் மட்டும் ஒரு சின்ன போனஸ் ஆக்‌ஷன். அடுத்தவர் முறையில் குறுக்கிட, சுற்றுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன். அருகில் நிற்கும் எதிரி நழுவி ஓடினால் அவன் மீது ஒரு அடி போடுவது அப்படிப்பட்டது. 2024இல் விதிகள் திருத்தப்பட்டபோதும் இந்தச் சட்டகம் மாறவில்லை.

முறைக்குக் காத்திருப்பது நடு அந்தமானின் ரங்கத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) சாலை வழியே வருபவர்கள், ஜராவா வனப்பகுதியைக் கடக்க ஜிர்காடாங்கில் வாகன அணிவகுப்பு கிளம்பும் நேரத்துக்குக் காத்திருந்துதான் ஆக வேண்டும். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் ரங்கத்தையும் தொடுகிறது. 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதிகள் யாரும் எடுத்தாளக்கூடிய உரிமத்தில் வெளியாயின. படிக்கக் காசு வேண்டாம். பகடை இல்லையென்றால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவும் போதும்.

அப்படி ஒரு டப்பாவோடு, மழை நாளொன்றில் ரங்கத்தின் ஒரு தமிழ் வீட்டில் ஆட்டம் நடந்தது. கதை நடத்தியவன் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த கல்லூரி மாணவன். ஆடியவர்கள் பெரியப்பா மகன், பக்கத்து வீட்டு வங்காளிப் பையன், பிளஸ் ஒன் படிக்கும் தங்கை. பாதி தமிழ், பாதி இந்தி. வீட்டில் எந்தப் பேச்சிலும் தங்கை வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பவர் வேறொருவராக இருப்பார். கதையில் அவள் வைத்தியம் தெரிந்த மந்திரக்காரி. பூதம் அடித்ததில் பெரியப்பா மகனின் வீரன் நினைவிழந்து கிடந்தான்.

"அடி, அடிச்சுப் போடு!" என்று கத்தினான் அவன்.

"இரு அண்ணே, இது அவ முறை. அவ சொல்லட்டும்" என்றான் கதை நடத்தியவன்.

அவள் வரிசையைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்து வீரன், அதற்கப்புறம்தான் பூதம். "போனஸ் ஆக்‌ஷன்ல மந்திரம் சொல்லி அண்ணனை எழுப்புறேன். ஆக்‌ஷன்ல நான் அடிக்கல. பூதத்தைப் போக்குக் காட்டி அண்ணன் அடிக்க உதவுறேன்." உதவி கிடைத்தவர் இரண்டு முறை உருட்டி, நல்ல எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. வீரன் பாதி நடையைச் செலவழித்து எழுந்து நின்றான். முதல் சீட்டு 4, அடுத்தது 17. அடி விழுந்தது. ஓரமாக வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, "தன் அடியைத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டாளே!" என்றாள். நாலு பக்க விளக்கத்தை விடத் தெளிவான உரை அது.

ஆட்டக்காரர்கள் இதற்கு 'ஆக்‌ஷன் எகானமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செயல்தான் இங்கே செலாவணி. நாலு பேர் ஒரு அரக்கனை எதிர்த்தால், சுற்றுக்கு நாலு செயல் ஒரு பக்கம், ஒன்றே ஒன்று மறுபக்கம். எவ்வளவு பலசாலியும் தாங்க மாட்டான். ஆடு புலி ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டுக்கும் தனித்தனி நகர்வு கொடுத்தால் புலி என்ன ஆகும்? அதே கதைதான். எனவேதான் ஐந்தாம் பதிப்பு டிராகன் போன்ற பெரும் எதிரிகளுக்கு, மற்றவர்கள் முறை முடியும் தறுவாயில் இடையே புகுந்து செய்யும் தனிச் செயல்களை வழங்கியது.

சரியான அளவு எது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எழுபதுகளின் இறுதியில் வந்த 'அட்வான்ஸ்டு' விதிகளில் ஒரு சுற்று முழு நிமிடம். 2000இல் மூன்றாம் பதிப்பு அதை 6 விநாடியாகச் சுருக்கி, செயல்களைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்தது. போட்டி விளையாட்டான 'பாத்ஃபைண்டர்' 2019இல் தன் இரண்டாம் பதிப்பில் எல்லாருக்கும் முறைக்கு 3 செயல் என்று வைத்து, எப்படிச் செலவழிப்பது என்பதை ஆடுபவரிடமே விட்டது. வாய்ப்புகள் கூடினால் யோசனையும் கூடும். கதையில் அரை நிமிடச் சண்டை மேஜையில் ஒரு மணி நேரம் இழுக்கும். காத்திருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். புதியவர்கள் பட்டியலைப் பார்த்து மிரளுவார்கள்.

ஆனாலும் அந்தக் காத்திருப்புக்குப் பதிலாக ஒன்று கிடைக்கிறது. வரிசை வந்ததும் மேஜை முழுக்க ஒருவருக்காக வாய்மூடி இருக்கிறது, அவர் கேட்காமலே. தமிழில் இதற்கான சொல் தயாராகவே இருக்கிறது. வரிசையும் முறை, வழியும் முறை, உறவும் முறை. அரசன் நீதி வழங்குவதற்கும் 'முறை செய்தல்' என்றுதான் பெயர்.