துடிப்பு தந்த துப்பு

"ஒளியையே விழுங்கிவிடுமாம் கருந்துளை! ஒளி வராத ஒன்றை உண்டு என்கிறார்கள், நீரும் தலையசைக்கிறீர்!" என்று எள்ளி நகைத்தார் நண்பர் ஒருவர். நகைப்புக் கிடக்கட்டும், கேள்வி நல்ல கேள்வி. கண்டால்தான் ஏற்பேன் என்பதும் கண்ணியமான பிடிவாதமே. ஆனால், உருவம் காண்பது ஒன்றுதானா காட்சி?

1970 டிசம்பர் 12. கென்யா விடுதலை பெற்ற ஏழாம் ஆண்டு நிறைவு நாள். அந்நாட்டுக் கரையை அடுத்த கடல்மேடையிலிருந்து எழும்பிற்று அமெரிக்கத் துணைக்கோள் ஒன்று. 'உகுரு' என்று பெயரிட்டனர். சுவாகிலி மொழியிலே விடுதலை என்பது பொருள். விண்ணேறிய கருவிகளுக்கு வாய்த்த பெயர்களில் இதனினும் இனியதை நான் அறியேன். எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். ஆதலின் மேலே சென்றுதான் காணவேண்டும்.

கண்டது உகுரு. அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்திலே, 1964இல் ராக்கெட் வழியே அறியப்பட்ட சிக்னஸ் எக்ஸ்-1, அமைதியாய் ஒளிரவில்லை. ஒரு வினாடிக்குள்ளேயே ஏறிற்று, இறங்கிற்று, துடிதுடித்தது!

துடித்தது துளையன்று; பக்கத்து விண்மீனிடமிருந்து கவர்ந்த வளி, துளையைச் சுற்றிச் சுழன்று, கோடிக்கணக்கான பாகை கொதித்து உமிழ்ந்த கதிர் அது. அத்துடிப்பிலே இருந்தது துப்பு. ஒரு பொருள் ஒருசேரப் பொலிவு மாறவேண்டுமாயின், ஒரு முனையின் செய்தி மறுமுனைக்கு எட்டவேண்டும். ஒளியினும் விரைந்த தூதன் உண்டோ? கதிரவனைக் குறுக்கே கடக்க அந்த ஒளிக்கே நாலரை வினாடிக்கு மேலாகும். வினாடிக்குள் துடிக்கும் இடம், அப்படியானால், கதிரவனினும் சிறிது! எடையோ பெரிது. அதுவும் அருகிலுள்ள நீல விண்மீனும் 5.6 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தச் சுழற்சியை வைத்து எடை கண்டனர். 2021இல் வெளிவந்த கணக்கு, கதிரவனைப்போல் 21 மடங்கு என்கிறது. நியூட்ரான் விண்மீன் எதுவும் தாங்கவொண்ணாத எடை! அது கருந்துளை அன்று எனக் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டியிருந்த ஸ்டீபன் ஹாக்கிங், 1990இல் தோல்வியை ஒப்பினார். தோற்கவே விரும்பிக் கட்டிய பந்தயம் அது!

அதே அன்னக் கூட்டத்திலே இன்னொன்று, வி404 சிக்னி. என் உள்ளம் கவர்ந்தது இதுதான். 1938இல் பொங்கியபோது 'நோவா' என்று எழுதி ஏட்டை மூடிவிட்டனர். 1989இல் ஜப்பானின் கிங்கா துணைக்கோள் அங்கே எக்ஸ் கதிர் வெடிப்பைக் கண்டது. பழைய ஏடுகள் மீண்டும் திறந்தன. பிறகு 26 ஆண்டு உறக்கம். 2015 சூனில் விழித்தது பாருங்கள், எக்ஸ் கதிர் மட்டுமா துடித்தது? கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் உடன் துடித்தது! கதிரவனைப்போல் ஒன்பது மடங்கு எடையுள்ள கருந்துளை. அதன் வாயிலிலே வளி படும் பாட்டைக் காண, 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி போதுமானதாயிற்று. அரசின் ஆய்வுக்கூடமோ கோடிப் பொருளோ இல்லாத ஆர்வலர் பலர், பல நாடுகளிலிருந்து இரவெல்லாம் விழித்துக் குறித்தனர். அக்குறிப்புகளையும் சேர்த்துக் கோத்தனர் ஜப்பானிய ஆய்வாளர். நூறு வினாடி முதல் இரண்டரை மணி நேரம் வரை, ஏறி இறங்கும் அலைகள் அதிலே தெரிந்தன.