உளுந்து அளவு காற்று

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் டீசல் வண்டிதான். அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா எட்டாவதோடு நிறுத்திவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவர். இப்போது ஒரு பழைய மினி லாரி வைத்திருக்கிறார். சொந்த வண்டி என்றுதான் பெயர். தவணை முடிகிற வரை பாதிதான் சொந்தம். சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றி, விடியுமுன் நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். வண்டி ஓடினால் அடுப்பு எரியும். என் பரீட்சைக் கட்டணமும் அந்த வண்டியிலிருந்து இறங்குவதுதான்.

சென்ற பங்குனி மாதம் ஒரு நாள் நான் பாலிடெக்னிக்கில் இருந்து வீட்டுக்கு வந்தபோது, பாளை சமாதானபுரத்தில் எங்கள் தெருவே வண்டியைச் சுற்றி நின்றது. அன்று மதியம் அப்பா டீசல் பில்டர் இரண்டையும் புதிதாக மாற்றியிருக்கிறார். அப்படியே டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள ப்ரீ பில்டர் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு மாட்டியிருக்கிறார். சாவி போட்டதும் என்ஜின் பத்து விநாடி ஓடி, இருமிவிட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை சுற்றியும் பிடிக்கவில்லை. பேட்டரியும் சோர்ந்துவிட்டது.

தெருவில் நின்றவர்களில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி, "பம்பு போயிட்டுது. இறக்கி காலிபரேஷனுக்குக் கொடுத்துரணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்ஜெக்ஷன் பம்பை இறக்குவது என்றால் பல ஆயிரம் ரூபாய். வேலை முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த மாதத் தவணைக்கு எடுத்து வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும். அப்பா ஒன்றும் பேசவில்லை. இரவு இரண்டு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

நான் கேட்டேன்: "அப்பா, நேத்து ராத்திரி வரைக்கும் ஓடின பம்புதானே? இன்னைக்கு நீங்க தொட்டது பில்டரை. பம்பைத் தொடவே இல்லையே?"

"அதாம்ல நானும் யோசிக்கேன்" என்றார்.

நண்பர்களே, பழுது பார்ப்பதில் முதல் விதி இதுதான்: கடைசியாகக் கை பட்ட இடத்தை முதலில் பார். ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஒரு வேலை பார்த்த பிறகு நின்றால், குற்றவாளி பெரும்பாலும் அந்த வேலை நடந்த இடத்தில்தான் ஒளிந்திருப்பான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டேங்கில் டீசல் இருக்கிறதா? இருந்தது. ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பியிருக்கிறதா? திரும்பியிருந்தது. அடுத்தது காற்று.

டீசல் வண்டிக்குக் காற்று ஏன் எமன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய வகை டீசல் என்ஜினில் நாசில் திறப்பதற்கு ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும். பம்பில் உள்ள ப்ளஞ்சர் ஒரு அடிக்கு அனுப்பும் டீசல் சில பத்து கன மில்லிமீட்டர்தான். ஓர் உளுந்து அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் அழுத்தினால் அநேகமாகச் சுருங்காது. அதனால் ப்ளஞ்சர் தள்ளியதும் அழுத்தம் அப்படியே நாசில் வரை போகும். ஆனால் அந்த இடத்தில் உளுந்து அளவு காற்று உட்கார்ந்துகொண்டால்? 1662ல் பாயில் சொன்ன விதிதான். அழுத்த அழுத்த அது சுருங்கிக்கொண்டே போகும். ப்ளஞ்சரின் அடி முழுவதும் காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நாசில் திறக்காது. ஸ்டார்ட்டர் சுற்றும், பேட்டரி தீரும், வண்டி மட்டும் கிளம்பாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ருடால்ஃப் டீசல் 1897ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜினில், எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளியதே அழுத்தப்பட்ட காற்றுதான். அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். இவ்வளவு பாரத்தைச் சின்ன வண்டியில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? 1927ல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்ஷன் பம்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் என்ஜின் லாரிகளில் தாராளமாக ஏறியது. 1951ல் பெங்களூரில் மைக்கோ தொடங்கியது. அந்தக் கம்பெனியின் பெயர் 2008ல் பாஷ் என்று மாறிய பிறகும், அப்பா பம்பை 'மைக்கோ பம்பு' என்றுதான் சொல்லுவார். அன்று டீசலை ஊதித் தள்ளிய அதே காற்று, இன்று ஒரு குமிழி புகுந்தாலும் வண்டியை நிறுத்திவிடுகிறது!

சரி, வண்டிக்கு வருவோம். பில்டர் மாற்றினால் காற்று புகுவது சகஜம். அதை வெளியேற்றுவதும் அப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பில்டர் தலையில் உள்ள ப்ளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பில் உள்ள ஹாண்ட் ப்ரைமரை அடித்தார். நுரையும் குமிழியுமாக டீசல் வந்தது. வழக்கமாக ஐம்பது அறுபது அடியில் குமிழி நின்று தெளிந்த டீசல் வரும். அன்று இருநூறு அடி அடித்தும் குமிழி நிற்கவே இல்லை.

"பாத்தியாடே, பம்புதான்" என்றார் அண்ணாச்சி.

அப்பா டார்ச் அடித்து எல்லா இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்த்தார். "எங்கயும் ஒரு சொட்டு கசியலையேல. பிறகு எங்கேருந்து காத்து வருது?"

அப்போது திண்ணையில் இருந்த தாத்தா வாயைத் திறந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் உழைத்தவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் நாட்டுகிறவர்.

"ஏல, கிணத்து மோட்டாருக்கு சக்ஷன் பைப்புல ஊசி ஓட்டை இருந்தா தண்ணி எடுக்குமா? எடுக்காதுல்லா. அதுக்காக அந்த ஓட்டை வழியா வெளிய சொட்டுமா? சொட்டாது. காத்தைத்தான் உறிஞ்சும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரவ இயக்கவியல் பாடத்தில் நான் எழுதி மார்க் வாங்கிய அதே சங்கதி! ஃபீட் பம்புக்குப் பின்னால், அதாவது இன்ஜெக்ஷன் பம்பை நோக்கிப் போகும் பக்கத்தில், வளிமண்டல அழுத்தத்தைவிட அதிக அழுத்தம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும். ஃபீட் பம்புக்கு முன்னால், டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கத்தில், குறைந்த அழுத்தம். அங்கே ஓட்டை இருந்தால் வெளியே ஈரமே இருக்காது. காற்று உள்ளே போகும். எல்லா இடமும் காய்ந்து கிடக்கிறது, ஆனால் குமிழி நிற்கவில்லை என்றால் ஓட்டை உறிஞ்சும் பக்கத்தில் என்றுதானே அர்த்தம்?

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. டேங்கிலிருந்து வரும் லைனை ஃபீட் பம்பில் கழற்றிவிட்டு, சுத்தமான கேனில் டீசல் எடுத்து, நல்ல ஹோஸ் ஒன்றால் ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுத்தோம். அப்பா ப்ரைமரை அடித்தார். நாற்பது அடிக்குள் குமிழி நின்றது. பம்பு தப்பித்தது! பழுது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். அந்த இடத்தில் அன்று கை பட்டது ப்ரீ பில்டர் கிண்ணம் ஒன்றில்தான்.

கிண்ணத்தை மறுபடியும் இறக்கினோம். புது வளையம் கையோடு வந்தது. பில்டர் தலையின் பள்ளத்தில் விரல் நகத்தால் சுரண்டினேன். கறுத்து, தட்டையாகி, உலோகத்தோடு உலோகமாக ஒட்டிப்போன பழைய வளையம் உரிந்து வந்தது. ஒரு வளையத்துக்கு உள்ள இடத்தில் இரண்டு! அதனால் புது வளையம் சரியாகப் படியாமல் மயிரிழை இடைவெளி விட்டிருக்கிறது. மயிரிழை போதும், காற்றுக்கு.

பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்துக்கு டீசல் தடவி மாட்டி, பழைய லைனையும் இணைத்தோம். பிறகு வரிசையாகக் காற்று எடுத்தோம். முதலில் பில்டர் தலை, அடுத்து பம்பின் ஸ்க்ரூ, கடைசியாக நாசில் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றி டீசல் வந்ததும் இறுக்கினோம். பக்கத்து வீட்டு ஆட்டோவிலிருந்து பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தோம். மூன்றாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. இரண்டு மணிக்கு லோடுக்குப் போயாயிற்று. அண்ணாச்சியும் நல்ல மனிதர்தான். "அந்த வளையத்தைக் கொண்டாடே" என்று வாங்கி, விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

நம் தோழர்களுக்குச் சில குறிப்புகள்:

1. ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

2. பில்டர் மாற்றும்போது பழைய வளையம் கையில் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று போனால் ஒன்று வர வேண்டும்.

3. ஈரமா, காய்ந்ததா என்று பாருங்கள். ஈரம் என்றால் அழுத்தும் பக்கம். காய்ந்தும் குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கம்.

4. நான் சொன்னது பழைய வண்டிக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு வரும் காமன் ரெயில் டீசல் வண்டிகளில் அழுத்தம் 1,600 பாருக்கு மேலும் போகும். அதில் நாசில் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கம்பெனி சொன்ன முறைப்படி ப்ரைமிங் மட்டும் செய்ய வேண்டும்.

முதல் தலைமுறைப் பட்டயதாரி என்று நம்மில் பலரைச் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நானே தவிர, முதலில் அறிந்தவன் நான் இல்லை. நான் புத்தகத்தில் படித்த அழுத்த வேறுபாட்டைத் தாத்தா கிணற்றடியில் படித்திருக்கிறார். பெயர் மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அப்பாவின் கை, தாத்தாவின் அனுபவம், நம் பாடப்புத்தகம் மூன்றும் ஒரு வண்டியைச் சுற்றி நின்றால் தீராத பழுது குறைவு.

பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும்போது, படித்ததை வீட்டில் சொல்லிப் பாருங்கள் நண்பர்களே. அவர்கள் சொல்வதையும் நோட்டை மூடாமல் கேளுங்கள்.