கல்கிசைக் கரையில் ஒரு யப்பானியச் சாப்பாடு

கொழும்பில் தமிழர் வாழும் இடம் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்தான். கடவுச்சீட்டு எடுக்க வந்தவர்களும், வைத்தியசாலைக்கென்று வந்தவர்களும், வெளிநாட்டுப் பயணத்துக்காக மாதக் கணக்கில் காத்திருந்தவர்களும் அறை தேடி அலைந்த ஒழுங்கைகள் அங்கேதான் இருக்கின்றன. அந்த வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிப் போனால் தெஹிவளை வரும். அதற்கும் அப்பால் வருவது கல்கிசை. பஸ்ஸில் போகலாம், புகையிரதத்தில் போனால் கடலையே பார்த்துக்கொண்டு போகலாம். இடத்தின் பெயர் சிங்களத்தில் கல்கிஸ்ஸ, ஆங்கிலத்தில் மவுண்ட் லவினியா.

இவ்வூரின் அடையாளம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறையும் அதன்மேல் உள்ள வெள்ளை மாளிகையும். ஆங்கிலேய ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 1806 ஆம் ஆண்டளவில் தனக்காக அமைத்த வீடு அது. பின்னர் புகையிரதப் பாதை வந்த காலத்தில், 1877 இல், அது ஹோட்டலாக மாறியது. மாளிகைக்கு அருகே மீனவர்களின் வள்ளங்களும் கரையில் இழுத்து விடப்பட்டிருக்கும். விருந்து மண்டபமும் மீன் வாடியும் இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கும் ஊர் இது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே ஒழுங்கைக்குள் குடியிருக்கிறார்கள்.

அப்படியான ஓர் ஒழுங்கையில் மேல்வீட்டை வாடகைக்கு எடுத்து நான், என் இரண்டு பிள்ளைகள், மாமி என்று நால்வர் இருக்கிறோம். கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு சிங்கள அக்கா. பல வருடங்கள் யப்பானில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். யப்பானியச் சாப்பாடு என்றால் பெரிய ஹோட்டல்களில் பணக்காரர் உண்ணும் பச்சை மீன் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். வீட்டிலே அன்றாடம் சமைக்கும் யப்பானியச் சாப்பாடு வேறு என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் இந்த அக்காதான்.

யப்பான் என்ற பெயரை எங்கள் பாட்டிமார் முதலில் கேட்டது சாப்பாட்டோடு அல்ல, குண்டோடு. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் கல்கிசைக்கு அடுத்துள்ள இரத்மலானையையும் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. மூன்று வருடங்கள் கழித்து ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டினால் அழிந்தன. 1951 இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன, யப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று அறிவித்தார். யப்பானியர் அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அவரே ஜனாதிபதியாக இருந்த 1983 ஜூலையில் இதே காலி வீதியில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன என்பதை நாமும் மறக்கவில்லை.

போருக்குப் பிந்திய யப்பானில் பஞ்சம் நிலவியது. அரிசிக்குப் பதிலாக வத்தாளங்கிழங்கும் பூசணியும் உண்டு உயிர் பிழைத்த தலைமுறை ஒன்று அங்கே இருந்தது. கஞ்சியின் அருமை நமக்கும் தெரியும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் நின்றவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த யப்பானியர்தான் 1954 இல் பாடசாலை மதிய உணவுக்கென்றே சட்டம் இயற்றினார்கள். பிள்ளைகளுக்கு உணவைப் பற்றிக் கற்பிப்பதற்காக 2005 இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பாரம்பரிய உணவு முறையை 2013 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று உலகில் நீண்ட காலம் வாழும் மக்களில் அவர்களும் அடங்குவர். பசியிலிருந்து எழுந்த ஒரு சமூகம் தன் சாப்பாட்டை எப்படித் திட்டமிட்டது என்பதை அறிவது நமக்குப் பயன்படும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

ஒரு சாறு, மூன்று கறி

யப்பானிய வீட்டுச் சாப்பாட்டின் அடிப்படை விதி "இச்சிஜூ சன்சாய்" எனப்படும். ஒரு சாறு, மூன்று கறி என்பது பொருள். இவற்றுடன் சோறும் சிறிதளவு ஊறுகாயும் இருக்கும். மூன்று கறிகளில் ஒன்று மீன், முட்டை, சோயா போன்ற புரத உணவு. மற்ற இரண்டும் மரக்கறிகள். சாப்பாட்டைத் திட்டமிடும்போது அவர்கள் ஐந்து நிறங்களையும் பார்ப்பார்கள்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை. ஐந்தும் தட்டில் இருந்தால் சத்துக்களும் பெரும்பாலும் கலந்து வந்துவிடும். சத்துக்களின் கணக்குத் தெரியாத ஒரு தாயும் நிறத்தைப் பார்த்து ஒரு வேளைச் சாப்பாட்டைச் சரி செய்துகொள்ளலாம்.

இனி அந்தச் சாறு. யப்பானியச் சமையலின் உயிர் "தாஷி" என்னும் தெளிந்த சாறு. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை காயவைத்து, அதைச் சீவி வெந்நீரில் இட்டு வடிப்பார்கள். அந்தக் காய்ந்த மீனுக்கு "கட்சுஒபுஷி" என்று பெயர். அக்கா இதை விளக்கியபோது, "இது நம்முடைய மாசிக்கருவாடுதானே!" என்றேன். உண்மையும் அதுதான். மாலைதீவிலிருந்து வரும் மாசியும் அதே சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்வதே. 14 ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் தங்கிய இபின் பதூதா என்ற பயணி, இந்த மீன் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவதைத் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். யப்பானியர் கடைசியில் நன்மை தரும் ஒருவகைப் பூஞ்சணத்தை மீனில் வளரவிட்டு மேலும் உலர்த்துவார்கள். மாசிக்கு அது இல்லை. மாசியில் கொஞ்சம் உப்பும் இருக்கும்.

நாம் சம்பலில் மாசி போடுவது ருசிக்காக. அந்த ருசிக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்தவர்களும் யப்பானியரே. 1908 இல் கிகுனே இகெடா என்ற விஞ்ஞானி கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேற் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு "உமாமி" என்று பெயரிட்டார். 1913 இல் அவருடைய மாணவர் கொடாமா காய்ந்த சூரை மீனில் இன்னொரு சுவைப் பொருளைக் கண்டார். இந்தச் சுவை இருந்தால் உப்பும் எண்ணெயும் குறைந்தாலும் நாக்கு ஏமாற்றம் அடையாது. பிரஷர் உள்ளவர்களுக்குச் சமைக்கும் சகோதரிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையில் வாங்கி, கல்கிசையில் சமைத்தல்

நால்வருக்கான இந்தச் சாப்பாட்டுக்கு வேண்டிய யாவும் வெள்ளவத்தைச் சந்தையிலும் எங்கள் சந்திக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஊரில் இருப்பவர்களுக்கு உள்ளூர்ச் சந்தையே போதும்.

சோறு: யப்பானியர் சற்று ஒட்டும் தன்மையுள்ள வெள்ளை அரிசியைச் சமைப்பார்கள். நமக்கு நாட்டுச் சிவப்பரிசியே நல்லது. ஆளுக்கு ஒரு கிண்ணம், குவித்துப் போடுவதில்லை.

சாறு: நான்கு கோப்பைத் தண்ணீரில் இடித்த மாசி இரண்டு மேசைக்கரண்டி இட்டு, ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து வடிக்கவும். அதில் மெல்லிதாக வெட்டிய முள்ளங்கியையும் கரட்டையும் அவித்து, இறக்கும்போது ஒரு பிடி கீரை போடவும். உப்பை ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். யப்பானியர் இதில் மிசோ என்னும் புளித்த சோயாக் களியைக் கரைப்பார்கள். அது இங்கே விலை கூடியது. இல்லாமலும் சாறு நன்றாகவே இருக்கும். சைவ உணவுக்காரர்கள் மாசிக்குப் பதிலாக உலர்ந்த காளானையும் தக்காளியையும் அவித்து வடிக்கலாம். யப்பானின் பௌத்த மடங்களிலும் மீன் இல்லை. அங்கே கடற்பாசியும் காளானும்தான்.

மீன்: கும்பளா அல்லது சாளை. கழுவி, மிகக் கொஞ்ச உப்புத் தடவி, இருபது நிமிடத்தின் பின் ஈரத்தை ஒற்றி எடுத்து, தோசைக்கல்லில் அல்லது கம்பித் தட்டில் சுடவும். பக்கத்தில் துருவிய பச்சை முள்ளங்கியும் தேசிக்காய்த் துண்டும் வைக்கவும். எண்ணெய் தேவையில்லை. 2022 இல் எரிவாயு இல்லாமல் நாம் தவித்த நாட்களை நினைத்தால், கொஞ்ச நேரத்தில் வேகும் சமையலின் அருமை தெரியும். மீன் உண்ணாதவர்கள் முட்டையோ அவித்த கௌபியோ வைக்கலாம்.

போஞ்சி: முறியாமல் அவித்து, வறுத்து இடித்த எள்ளு இரண்டு மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒரு தேக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி சேர்த்துப் பிரட்டவும். யப்பானிய வீடுகளில் இது அன்றாடக் கறி. எள்ளின் மணம் நம் மாமிமாருக்கும் பிடிக்கும்.

கெக்கரிக்காய்: மெல்லிதாகச் சீவி, வினாகிரியும் ஒரு சிட்டிகை சீனியும் சேர்த்து வைக்கவும்.

சிவப்பரிசியும் கரட்டும், வெள்ளை முள்ளங்கியும், பச்சைப் போஞ்சியும், கறுப்பு எள்ளும் வந்துவிட்டன. மஞ்சளுக்கு ஒரு துண்டு பூசணிக்காய் அவித்து வைத்தால் ஐந்து நிறமும் நிறைந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் இங்கே சொல்ல வேண்டும். முதலாவது, பச்சை மீனை வீட்டில் உண்ண முயல வேண்டாம். சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஒருவகை நச்சுப் பொருள் உண்டாகும். அது சமைத்தாலும் போகாது. ஆகவே ஐஸில் வைத்த மீனையே வாங்குங்கள். இரண்டாவது, யப்பானியச் சாப்பாட்டின் குறை அதன் உப்பு. சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறுநீரக நோயும் சலரோகமும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

இந்த உப்பின் கதையில் பெண்களுக்குப் பெருமை தரும் ஒரு பகுதி உண்டு. யப்பானின் நாகனோ மாகாணம் மலைப்பிரதேசம். பனிக்காலத்துக்கென்று உப்பிட்ட மரக்கறிகளை உண்டு பழகிய அம்மக்களிடையே பாரிசவாதத்தால் இறப்போர் அதிகமாக இருந்தனர். அங்கே சாதாரண குடும்பப் பெண்கள் சுகாதாரத் தொண்டர்களாகி, வீடு வீடாகப் போய், சாற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து பார்த்து, குறைக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். சாற்றில் மரக்கறியைக் கூட்டுங்கள், உப்பைக் குறையுங்கள் என்பதே அவர்களுடைய எளிய பாடம். பிற்காலத்தில் நாகனோ யப்பானிலேயே நீண்ட ஆயுள் கொண்ட மாகாணங்களில் ஒன்றாகியது. அந்தப் பெண்கள் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர்.

நான்காவது கிண்ணம்

ஆயினும் அக்காவிடம் நான் கற்றவற்றில் முக்கியமானது எந்தக் கறியும் அல்ல. யப்பானிய வீட்டில் சட்டியை நடுவில் வைத்து அள்ளிப் போடுவது பெரும்பாலும் இல்லை. சோற்றுக் கிண்ணம், சாற்றுக் கிண்ணம், சிறு தட்டுகள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பரிமாறி வைத்த பின்பே எல்லோரும் ஒன்றாக அமர்வார்கள். ஒரு நாள் எங்கள் குசினியில் சமைத்து முடித்தபோது அக்காவே கிண்ணங்களை எடுத்து வைத்தார். பிள்ளைகளுக்கு இரண்டு, மாமிக்கு ஒன்று. நாலாவதையும் வைத்து மீனை வெட்டிப் போட்டார். "நங்கி, இது உன்னுடையது. நீயும் இப்பவே இரு" என்றார்.

நம் வீடுகளில் பெண் கடைசியாகச் சாப்பிடுவாள். சட்டியில் மீன் மிஞ்சினால் உண்டு. இல்லாவிட்டால் குழம்பும் அடிச்சோறும். கணவனை இழந்த, கணவன் காணாமற்போன வீடுகளில் இது இன்னும் மோசம். பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின், "எனக்காக ஒரு சமையலா?" என்று தேத்தண்ணியும் பாணுமாய்ப் பகலைக் கழிக்கும் சகோதரிகளை நான் நிறையவே அறிவேன். இரத்தக்குறைவும் தலைச்சுற்றும் வருகின்றன. வயது நாற்பதுக்குள் முழங்கால் நோகிறது. நாம் விழுந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு யார்?

சட்டியிலிருந்து அள்ளிப் போடும்போது யாருக்குக் குறைந்தது என்று தெரிவதில்லை. கிண்ணங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். ஒரு மீன்தான் இருக்கிறதா? நாலு துண்டாக வெட்டுவோம். ஒரு பிடி போஞ்சிதான் இருக்கிறதா? நாலு கிண்ணத்தில் இடுவோம். துண்டு சிறிதாகலாம், கிண்ணம் வெறுமையாகக் கூடாது. தேநீர்க் கோப்பையும் சிரட்டையும் இதற்குப் போதும். யப்பானிய மட்பாண்டம் தேவையில்லை.

யப்பானியர் உண்ணும் முன் "இதாதாகிமாசு" என்று சொல்வார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது அதன் கருத்து. சமைத்தவரும் அமர்ந்து அதைச் சொல்வார். சகோதரிகளே, மாசிச் சாறும் எள்ளுப் போஞ்சியும் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். சொதியும் சம்பலுமே போதும் என்றாலும் குறையில்லை. ஆனால் பரிமாறும்போது ஆட்களை எண்ணுங்கள். எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.