பசியும் ஆதி நக்ஷத்திரங்களும்

வடலூரில் வாழ்வோராகிய எமக்குப் பசியின் கொடுமையை எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இராமலிங்க வள்ளலார் 1867-ஆம் ஆண்டில் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. வருவோர்க்கெல்லாம் அன்னம் வழங்கப்படுகின்றது. ஆதலின் எவ்விஷயத்தைப் பற்றிப் பேசினும், "இதனால் பசித்தவனுக்கு என்ன பயன்?" என்று வினவுதல் எம்மூரார்க்கு இயல்பாயிற்று.

எம் தமக்கையின் மகள் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவள். ஆதி நக்ஷத்திரங்களை ஆராயும் ஆராய்ச்சிசாலை ஒன்றில் சேர விரும்புவதாக அவள் கூறியபோது, அவளுடைய பாட்டனார் கேட்டதும் இவ்வினாவே. நெய்வேலியில் உத்தியோகம் தேடலாகாதா என்று தமக்கையும் வருந்தினாள். அவர்கட்கு யாம் கூறியவற்றை மாணவ நண்பர்களுக்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

இப்பிரபஞ்சம் தோன்றி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் நக்ஷத்திரம் ஒன்றேனும் இல்லை; ஹைட்ரஜன், ஹீலியம் என்னும் வாயுக்களே பெரும்பாலும் எங்கும் பரந்திருந்தன. பின்னர் முதல் நக்ஷத்திரங்கள் ஒளிவிட்டன. அவற்றின் ஒளி தம்மைச் சூழ்ந்த ஹைட்ரஜனில் ஒரு மாறுதலை விளைத்தது. அவ்வாயுவுக்கு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள வானொலி அலை ஒன்று உண்டு. பிரபஞ்சம் விரிந்துகொண்டே வருதலால் அவ்வலையும் நீண்டு, நம்மை அடையும்போது ஏறக்குறைய நான்கு மீட்டர் ஆகின்றது. அதில் பதிந்துள்ள சிறு குறியைக் கண்டறிந்தால் முதல் விடியலின் காலத்தை அறியலாம். ஆனால் ஆகாயத்தின் ஏனைய இரைச்சல் அக்குறியினும் பல ஆயிரம் மடங்கு பெரிது. மனிதர் நடத்தும் வானொலி நிலையங்களின் ஓசையோ அதற்கு மேலும் இடையூறு.

2018-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கருவி அமைத்திருந்த அமெரிக்க அறிஞர்கள் அக்குறியைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர். உலகம் வியந்தது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தார், வியப்போடு நில்லாது, அதனைச் சோதிக்க முற்பட்டனர். நிலத்தின்மேல் வைத்த கருவியை அடியிலுள்ள மண்ணடுக்குகள் ஏமாற்றக்கூடும். நீரோ எங்கும் ஒரு தன்மையது. ஆதலின் 'சரஸ்' என்னும் தம் கருவியை மிதவையில் ஏற்றி, 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகத்துத் தண்டிகனஹள்ளி ஏரியிலும், ஷராவதி ஆற்றின் தேக்கநீரிலும் மிதக்கவிட்டுக் கேட்டனர்.

அவர்கள் கேட்டது யாது? அமெரிக்கர் கூறிய குறி அங்கே இல்லை. 95 சதவீதத்திற்கும் மேலான உறுதியோடு 2022-இல் இதனை வெளியிட்டனர். "கண்டோம்" என்று முழங்குதல் எளிது. பல்லாண்டு உழைத்தபின் "காணவில்லை" என்று கூறுதற்கு நெஞ்சுரம் வேண்டும். எம் மருமகள் கற்க விரும்புவது இவ்வொழுக்கத்தையே என்று பாட்டனாரிடம் கூறினோம்.

"இவையெல்லாம் பெரிய நிலையங்களின் காரியமன்றோ? நம் பிள்ளைகளுக்கு எட்டுமா?" என்றாள் தமக்கை. எட்டியிருக்கின்றது. சென்னை அண்ணா சர்வகலாசாலையார் செய்த 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' என்னும் செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறியது. இந்திய சர்வகலாசாலை ஒன்று செய்த முதற் கோள் அதுவே. குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் சர்வகலாசாலையாரின் 'நியுசாட்' 2017-இல் ஏறியது. எடை 15 கிலோ. பயிர்நிலங்களைப் படம்பிடித்தல் அதன் பணிகளுள் ஒன்று. முன்கூறிய பெங்களூர் நிலையத்தாரும் இப்போது 'பிரத்யுஷ்' என்னும் கருவியை நிலவைச் சுற்றிவரச் செய்யத் திட்டமிட்டு உழைக்கின்றனர். நிலவின் மறுபுறத்தில் பூமியின் வானொலி இரைச்சல் எட்டாதாகலின், அங்கே முதல் விடியலின் மெல்லிய ஓசையைத் தெளிவாகக் கேட்கலாமென்பது அவர்கள் நம்பிக்கை. இதைக் கேட்டபின் தமக்கை தடை சொல்லவில்லை. பாட்டனார் மட்டும் பசியின் வினாவை விட்டாரில்லை.

அவருக்கு யாம் நெய்வேலியைக் கொண்டே விடை கூறினோம். 1935-ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன. வயலுக்கு நீர் கிடைத்தது போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. அத்துகள்கள் யாவையென அறிய முயன்றார். 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. இன்று எத்தனையோ இல்லங்களில் உலை கொதிப்பது அந்நிலக்கரி தந்த ஊதியத்தால். பயன் முன்னே தெரிந்து பிறந்த அறிவன்று அது.

அந்நிலக்கரியிலுள்ள கரிச்சத்து எங்கிருந்து வந்தது? தொடக்கத்து வாயுக்களில் அது இல்லை. நக்ஷத்திரங்களின் உட்புறத்தே அது சமைந்தது. சோற்றிலும் அஃதுண்டு, உண்ணும் உடம்பிலும் உண்டு. முதல் நக்ஷத்திரங்களைத் தேடுவோர் அவ்வடுப்பு முதன்முதல் மூட்டப்பட்ட வேளையைத் தேடுகின்றனர்.

நண்பர்களே, நக்ஷத்திர ஆராய்ச்சி நாளையே ஒருவர் பசியைத் தீர்க்குமென்று யாம் உறுதிகூறோம். அன்னமிடுவோர் அன்னமிடுக; அறிய விழைவோர்க்கு வழிவிடுக. இரண்டிற்கும் இவ்வூரில் இடமுண்டு.