வெதுவெதுப்பான கடலும் இறுக்கமான உடுப்பும்

திருகோணமலைக் கடலில் சுழியோடுவதற்கென்று நான் எடுத்துச் சென்றவை ஒரு சாரம், ஒரு பருத்திப் பெனியன், ஒரு துவாய். அது 2023 ஆம் ஆண்டு ஆனி மாதம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டிருந்தது. கடற்றொழிலாளர் பிரச்சினைகளைப் பற்றி எத்தனையோ பத்திகள் எழுதியவன், கடலின் மேற்பரப்புக்குக் கீழே ஒரு தடவையேனும் சென்று பார்த்ததில்லையே என்ற வெட்கம் நெடுநாளாக உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

நிலாவெளிக் கரையில் என் பொதியைப் பார்த்த பயிற்சியாளர் சிரித்துவிட்டார்.

"ஐயா, இந்தப் பெனியனோட இறங்கினா முக்கால் மணித்தியாலத்திலை பல்லுக் கிட்டும்."

நான் நம்பவில்லை. மணல் காலைச் சுட்டது. கடல் நீரோ 29 பாகை செல்சியஸ். குளிக்க அண்டாவில் காயவைத்த தண்ணீர் போலிருந்தது.

ஆனால் கணக்கு அவர் பக்கமே இருந்தது. நமது உடலின் வெப்பம் 37 பாகை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. 29 பாகைக் காற்றில் வியர்க்கும் மனிதன், அதே 29 பாகை நீரில் நெடுநேரம் இருந்தால் சூட்டைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே இருப்பான். சுழியோடி கைகால்களை வீசி நீந்துவதுமில்லை. மெல்ல மிதந்தே செல்கிறான். உழைப்பினால் வரும் சூடும் அவனுக்குக் கிடையாது.

எனக்குத் தந்தது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள நியோபிரீன் உடுப்பு. நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த செயற்கை றப்பர் அது. நீரை உள்ளே விடாத உடுப்பு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அது தவறு. நீர் உள்ளே புகத்தான் செய்யும். புகுந்த நீரை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதே உடுப்பின் வேலை. அந்த மெல்லிய நீர்ப் படலத்தை உடல் சூடாக்கிக்கொள்கிறது. ஆகவே உடுப்புத் தொளதொளப்பாக இருந்தால் பயனில்லை. தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். என் வயிற்றை அதற்குள் அடக்க இருவர் துணை தேவைப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குளிரைத் தாங்கக்கூடியவர்களுக்கு அரைக்கையும் அரைக்காலும் கொண்ட உடுப்பு, அல்லது மெல்லிய லைக்ரா உடுப்புப் போதும். லைக்ரா சூட்டைக் காக்காது. எனினும் வெயிலிலிருந்தும், சொறிமீனின் தீண்டலிலிருந்தும், முருகைக்கல்லின் கீறலிலிருந்தும் காப்பாற்றும். கையுறை கேட்டேன். தர மறுத்துவிட்டார். கையுறை போட்டவன் முருகைக்கல்லைப் பிடிப்பானாம். றப்பர் உடுப்பு உடலை மிதக்கச் செய்வதால் இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொண்டோம்.

எங்கள் படகு புறாத்தீவுக்கு அண்மையில் நின்றது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. இறங்கி இரண்டு மீற்றர் போவதற்குள் காது வலித்தது. மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினால் வலி நீங்குகிறது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகிறது. மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்கக்கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும் என்பதே காரணம். எங்களைப் போன்ற புதியவர்களை 12 மீற்றருக்குக் கீழே கொண்டு செல்வதில்லை.

அந்த ஆழத்தில் என் சிவப்புக் கைப்பட்டி மண்ணிறமாகிவிட்டது. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். முகக்கண்ணாடியினூடாக மீன்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரிந்தன. கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் ஓசை கேட்டது. செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றது.

திரும்பும்போது 5 மீற்றர் ஆழத்தில் பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். மூன்று நிமிடங்கள். குளிரவில்லை, களைப்பில்லை, மேலே வெளிச்சம் அழைத்தது. ஏன் நிற்கவேண்டும் என்று எரிச்சல் வந்தது. படகில் ஏறியதும் அதையே கேட்டேன்.

"சோடாப் போத்தலை ஒரேயடியாத் திறந்தா என்ன நடக்கும் ஐயா? உங்கடை இரத்தத்திலையும் அதுதான் நடக்கும்."

அமுக்கத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடலில் கரைகிறது. மெல்ல எழுந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து எழுந்தால் குமிழியாகி நரம்பையும் முள்ளந்தண்டையும் தாக்கும்.

நான் பேசாதிருந்தேன். நினைவுக்கு வந்தது 2012 இல் வடக்கின் கரையோரக் கிராமமொன்றில் பாயில் கிடந்த இளைஞன். யுத்தம் முடிந்து கடல் திறந்தபின், கடலட்டை பிடிக்கச் சிலிண்டரோடு இறங்கியவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. "தண்ணி இளஞ்சூடா நல்லாத்தான் இருந்தது அண்ணை. ஒண்டும் தெரியேல்லை" என்றான். அவன் தாயார் அதைக் கடற்காற்று அடித்த வாதம் என்றார். நானும் 'மர்ம நோய்' என்று எட்டு வரி எழுதி அனுப்பினேன். ஒரு நாளில் எத்தனை தடவை இறங்கினாய், எவ்வளவு ஆழம், எவ்வளவு விரைவாக மேலே வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் மர்மம் ஏதும் இருந்திராது. அதே வாடியிலிருந்து மறுநாள் இறங்கவிருந்த வேறு இளைஞர்கள் அதை வாசித்திருக்கக்கூடும்.

எனக்கு உடுப்புப் போட்டுவிட இருவர், நிறுத்திவைக்க ஒருவர். அவனுக்கு எவருமில்லை. குளிர்ந்த கடல் மனிதனைத் தானே மேலே துரத்திவிடும். வெதுவெதுப்பான கடல் துரத்துவதில்லை. 'இன்னும் ஒருமுறை இறங்கு' என்றே சொல்லும். அதுதான் அதன் ஆபத்து.

ஆவணி விடுமுறைக்கு ஊர் வரும் அன்பர்களுக்கு: கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். கட்டாயம் இறங்கிப் பாருங்கள். இறுக்கமான உடுப்பை அணியுங்கள். 5 மீற்றரில் பொறுமையாக நில்லுங்கள். சுழியோடியபின் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறாதீர்கள். கரையோரத்தில் சிலிண்டர் சுமக்கும் தம்பி எவரையேனும் கண்டால், இன்று எத்தனை தடவை இறங்கினாய் என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.