டியூ முடிந்த வண்டிக்குத் தனி மரியாதை! சேலம் - நாமக்கல் சாலையில் இன்னும் ஓடும் பழைய 407-கள்

சேலத்திலிருந்து நாமக்கல் 50 கிலோமீட்டர் சொச்சம். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஒரு மணி நேரப் பயணம்தான். நாமக்கல்லை நெருங்கும்போது சாலையோரம் முழுக்கப் பட்டறைகள். முகப்புக் கண்ணாடிகூட இல்லாமல் வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிகள், பாடி கட்டி, பெயின்ட் அடித்து, எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு இங்கிருந்துதான் கிளம்புகின்றன. லாரி பாடி கட்ட நாமக்கல், போர்வெல் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரித் தொழிலுக்குச் சங்ககிரி என்று இந்தச் சமவெளியில் ஊருக்கு ஊர் ஒரு வண்டிக் கதை இருக்கிறது.

அந்தப் பளபளக்கும் புது லாரிகளுக்கு நடுவே, நிறம் மங்கிய சின்ன வண்டி ஒன்று கண்ணில் படாமல் போகாது. டாடா 407. 1986-ல் சந்தைக்கு வந்த மினி லாரி. அப்போது இந்தியாவில் சின்ன லாரிகளுக்குப் பெரிய போட்டியே நடந்தது. டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஆல்வின் நிசான் என நான்கு ஜப்பானியக் கூட்டணிகள் ஒரே நேரத்தில் களமிறங்கியிருந்தன. எதிர்த்து நின்றது உள்ளூர் 407. ஆல்வின் நிசானை இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 407 மட்டும் இன்றும் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு எதிரே வருகிறது.

காரணம் ரொம்ப எளிமை. பழைய 407-ன் டீசல் இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் பம்ப், நாசில், ஃபில்டர் என்று எல்லாமே கையால் கழற்றி மாட்டுகிற சமாசாரம். ராத்திரி பத்து மணிக்கு ராசிபுரம் பக்கம் நின்றுபோனாலும், பக்கத்து ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்தால் போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு வெளியான வண்டிகளில் புகை குறைவு, அது நல்லதுதான். ஆனால் சென்சாரில் கோளாறு என்றால் லேப்டாப் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரைத் தேட வேண்டும்.

இன்னொரு காரணம் டியூ. சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுபவர்களுக்கு மாதத் தவணைதான் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். லோடு கிடைக்காத மாதத்திலும் டியூ நிற்காது. டியூ முடிந்து, ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ் பெயர் நீங்கிய வண்டி என்றால், அது ஓடாமல் நிற்கும் நாளிலும் வட்டி தின்னாது. இந்த நிம்மதிக்காகவே புது வண்டி ஆசையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

ஆனால், அந்த நிம்மதிக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். பதினைந்து வருடம் தாண்டினால் கட்டணமும் எகிறும். 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, அப்படிப்பட்ட லாரி, பஸ்களுக்கான கட்டணத்தை 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக உயர்த்தியது. இதுபோக டிங்கரிங், பெயின்டிங், டயர், பிரேக் என்று எஃப்.சி.க்கு முன்பு பட்டறையில் ஆகும் செலவு தனி. பழைய வண்டியை வைத்திருப்பதா, எடைக்குப் போடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில்தான் வீட்டில் எழும்.

இந்த வண்டிகளை வேலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்கோ, பரமத்தி வேலூர் வாழைத்தார், வெற்றிலை லோடு ஏறும் இடங்களுக்கோ போகலாம். இப்போது அங்கே 2005-ல் வந்த ‘குட்டி யானை’ டாடா ஏஸும், மஹிந்திரா பிக்கப்பும்தான் அதிகம். நடுவில் ஒன்றிரண்டு பழைய 407, பின்பக்கப் பலகையில் குலதெய்வத்தின் பெயரோடு நிற்கும். அங்கிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய லாரி திணறும் அந்த வளைவுகளில் மிளகு, பலா, வாழை இறக்க இந்த அளவு வண்டிதான் தோது. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து வருவது அனுபவசாலிகள் வழக்கம். காரில் பின்னால் போகிறவர்கள் ஹாரன் அடித்து அவசரப்படுத்தாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

இப்படி ஒன்றை வாங்கும் ஆசை இருந்தால், பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். புது பெயின்ட் அடிக்க இந்த ஊரில் ரொம்ப நேரம் ஆகாது! பாடிக்குக் கீழே குனிந்து சேஸிஸில் துரு, வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, பெரிய செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்.சி. புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு, எஃப்.சி. தேதி, இன்ஷூரன்ஸ், சாலை வரி மூன்றையும் சரிபார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.